முட்டை பூசிய மோட்டார் சைக்கிள்

“கல்லல் என்ன பக்கத்துத் தெருவா? தனியாப் போயி வேலை பாத்துட்டு வந்துருவியா நீ?” என்று சித்தப்பா கேட்டார். மறுநாள் காலை பத்து மணிக்குக் கல்லலில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு நேர்முகத் தேர்வு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆசிரியர் பயிற்சியும் முடித்திருந்தேன். போய்க் காட்டுகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். எப்படிப் போகப்போகிறேன் என்று தெரிந்திருந்தால் அவ்வளவு திமிராகச் சொல்லியிருக்க மாட்டேன்.

என்னைக் கூட்டிப்போனவர் எங்கள் தெருத் தொடாதீக மாமா. மோட்டார் சைக்கிள் அழுக்காகிவிடும் என்று சைக்கிளில் வேலைக்குப் போன மனிதர் காரைக்குடியிலேயே அவர் ஒருவர்தான்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். வண்டிக்குப் பக்கத்தில் யார் வந்தாலும் கையை நீட்டி மறித்து, “தொடாதீக” என்பார். தபால்காரரிடமும் சொல்வார், சாமி ஊர்வலத்தில் விபூதித் தட்டோடு வருகிற குருக்களிடமும் சொல்வார். அதுவே பெயராகிவிட்டது. அவர் மனைவி எங்களுக்குத் தொடாதீக அத்தை. அத்தை இதற்கெல்லாம் கோபித்துக்கொண்டதில்லை. “அந்த வண்டியப் பாத்துக்கிர்றதுல பாதி என்னையப் பாத்திருந்தா நானும் மினுமினுன்னுதான் இருந்திருப்பேன்” என்று மட்டும் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டிக்குக் குளிப்பாட்டு. கழுவுகிறீர்களா என்று கேட்டால் முகம் சுளிப்பார். சக்கரக் கம்பிகளுக்குப் பழைய பல் பிரஷ், செயினுக்கு மண்ணெண்ணெய், சைலன்சருக்குப் புளி. துடைப்பதற்கு நைந்த பனியன்தான், புதுத்துணி கீறிவிடுமாம். வண்டி காயும்வரை தெருவில் யாரும் வாசல் பெருக்கக் கூடாது. ஆட்டு மந்தை வந்தால் எதிரே ஓடிப்போய், “அண்ணே, ஆடுகளக் கொஞ்சம் மெதுவா நடக்கச் சொல்லுங்க, புழுதி கெளம்புது” என்று கெஞ்சுவார். எல்லாம் முடிந்ததும் வேப்பமரம்வரை உருட்டிக்கொண்டு போய், திரும்ப உருட்டிக்கொண்டு வருவார். அவ்வளவுதான் அதன் பயணம். அதற்குள் இன்ஜின் இருக்கிறதா இல்லையா என்று தெருவில் இரண்டு கட்சி இருந்தது.

இந்த நிலையில் என் அப்பா வாயை விட்டார். அப்பா கொத்தனார்; கண்டனூரில் பெரிய வீடுகளில் பழுது பார்க்கிற வேலை. அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போன மாமா, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்த சுவரைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்ததும் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தச் செவுரு எப்படிய்யா அப்படி மின்னுது?”

“சுண்ணாம்புச் சாந்துல முட்டை வெள்ளைக்கருவக் கலந்து தேய்க்கிறதுதான். பாட்டன் காலத்துச் செவுரு, இன்னும் அசையாம நிக்கிது பாருங்க” என்றார் அப்பா.

சுவருக்கு ஆகிறது வண்டிக்கு ஆகாதா என்று மாமா யோசித்துவிட்டார். சுண்ணாம்பு கீறும், முட்டை மட்டும் போதும் என்று சொந்தமாக ஒரு திருத்தமும் செய்துகொண்டார்.

என் நேர்முகத் தேர்வுக்கு முந்தின நாள் ஞாயிறு. கறுப்புப் பெட்ரோல் டாங்கில் முதல் பூச்சு ஏறியது. மிஞ்சிய மஞ்சள் கருவில் அன்று தெரு முழுக்க ஆம்லெட் மணம். திங்கள் காலையில் இரண்டாம் பூச்சையும் போட்டுவிட்டு, ஆபீசுக்கு லீவையும் போட்டுவிட்டு, காக்கா வராமல் விசிறியோடு காவல் உட்கார்ந்தார்.

அதே காலையில் நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். திடீர் ஸ்ட்ரைக், ஒரு பஸ்ஸும் இல்லை. ரயில் போய்விட்டிருந்தது. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருந்தார். வேர்த்து விறுவிறுத்துத் தெருவுக்குத் திரும்பியபோது மணி எட்டரை.

“மாமா, பத்து மணிக்குக் கல்லல்ல இருக்கணும். பஸ் ஓடலை.”

“அடடா. என் சைக்கிளும் பஞ்சரு. நடந்தா சேர முடியாதே ஆத்தா” என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

“வண்டியில கொண்டுபோய் விட்டீகன்னா...”

“எந்த வண்டியில?” என்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

அத்தை உள்ளேயிருந்து வந்தார். “அந்தப் புள்ள டீச்சர் வேலைக்குப் போகுது. நீங்க முட்டைக்குக் காவல் இருக்கீக. இன்னைக்கு இந்த வண்டி கெளம்பலைன்னா, நாளைக்கே பொட்டு வச்சு மாலை போட்டு மூலையில நிப்பாட்டிருவேன்.”

“இன்னும் காயலைடி.”

“ஓட்டுற காத்துல காயும். எந்திரிங்க.”

காற்றில் காயும் என்ற வாதம் அவரை வீழ்த்தியது. ஆனால் நிபந்தனைகள் வந்தன. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். “அங்குட்டுத் தள்ளி உக்காரு, இன்னும் அங்குட்டு” என்று என்னைச் சீட்டின் விளிம்புக்கே அனுப்பினார். வண்டியை உதைத்தார், உதைத்தார், உதைத்துக்கொண்டே இருந்தார். தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது. கடைசியில் அது இருமிக்கொண்டு கிளம்பியபோது இன்ஜின் கட்சி கைதட்டியது.

வேகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. தலையில் புல்லுக்கட்டு வைத்திருந்த ஓர் அம்மா எங்களைத் தாண்டிப் போனார். சாலையில் தண்ணீர் தேங்கியிருந்தால் மாமா இறங்கி, என்னையும் இறக்கி, வண்டியை ஓரமாக உருட்டிக் கடந்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது இருபது. ஒன்பதரை. சான்றிதழ்ப் பையை இறுக்கிய விரல்கள் மரத்துப்போயின.

“மாமா, கொஞ்சம் வெரசாப் போகலாமா?”

“வெரசாப் போனா புழுதி ஒட்டும்த்தா.”

அவர் சொல்லி வாய் மூடவில்லை, செம்மண் ஏற்றிய லாரி ஒன்று எங்களை உரசிக்கொண்டு போனது. புழுதி அடங்கியபோது கறுப்பு டாங்கைக் காணவில்லை. ஈரமான முட்டையின் மேல் செம்மண் அப்பி, அப்போதுதான் பூசி முடித்த சுவர் மாதிரி இருந்தது.

மாமா வண்டியை நிறுத்தினார். சாலைக்குக் கீழே கண்மாய் நிறையத் தண்ணீர். அதைப் பார்த்தார், டாங்கைப் பார்த்தார்.

“இப்பக் கழுவுனா வந்துரும்” என்றார் மெதுவாக. “காஞ்சுருச்சுன்னா உங்கப்பன் செவுருதான்.”

“எம்புட்டு நேரமாகும்?”

“அரை மணி.”

பத்துக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. பாதி தூரம் மீதி இருந்தது. கெஞ்சினால் வந்திருப்பாரோ என்னவோ. எனக்குக் கெஞ்ச வராது. தவிர, அவருடைய உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. இறங்கிச் செருப்பை மாட்டினேன்.

“நீங்க கழுவுங்க மாமா. நான் முன்னாடி நடக்குறேன்.”

நடந்தால் மதியச் சாப்பாட்டு மணிக்குத்தான் சேர்வேன் என்று எனக்கும் தெரியும். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். கண் எரிந்தது; புழுதி என்று வைத்துக்கொண்டேன். வாசலில் நின்று என்னை எதிர்பார்க்கப்போகும் அம்மாவுக்கு என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்திருந்தபோது பின்னால் வண்டிச் சத்தம். மாமா பக்கத்தில் வந்து நிறுத்தினார். டாங்க் சிவப்பாகவே இருந்தது.

“கழுவலையா மாமா?”

“மணியப் பாக்காம பேச்சப் பேசுற. ஏறு.”

செருப்பைக் கழற்றக் குனிந்தேன்.

“அது கெடக்கட்டும், ஏறுத்தா.”

அதன் பிறகு அவர் ஓட்டியதைத் தெருவில் சொன்னால் இன்றுவரை யாரும் நம்புவதில்லை. தேங்கிய தண்ணீரில் நேராக விட்டார். சேறு அவர் வேட்டியிலிருந்து என் சேலைவரை வந்தது. ஓர் ஊரில் முட்டை வாடையை மோப்பம் பிடித்த நாய்கள் ஊர் எல்லை தாண்டியும் துரத்தி வந்தன. “போங்க, போங்க, ஆம்லெட் எல்லாம் நேத்தே முடிஞ்சு போச்சு” என்று மாமா அவற்றோடு பேசிக்கொண்டே ஓட்டினார். பள்ளிக்கூட வராந்தாவில் என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் படியேறினேன். முழங்கால்வரை சேறு. தலைமையாசிரியை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எப்படி வந்தீங்க?”

“நேரத்துக்கு வந்தேன் மேடம்” என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்ட எதற்கும் நான் தடுமாறவில்லை. வேலை கிடைத்தது.

வெளியே வந்தபோது மாமா புங்கமரத்தடியில் உட்கார்ந்து டாங்கை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். செம்மண் இறுகிவிட்டிருந்தது. பிறகு மண்ணெண்ணெய், புளி, எலுமிச்சை எல்லாம் பார்த்தார். அப்பா உதவி செய்கிறேன் என்று சாந்துக் கரண்டியை எடுத்துக்கொண்டு போனபோது மாமா வண்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கடைசியில் மண்ணோடு பாதிப் பெயின்ட்டும் வந்துவிட்டது. “இனிமே காப்பாத்த என்ன இருக்கு?” என்று மறுவாரத்திலிருந்து அதிலேயே ஆபீசுக்குப் போக ஆரம்பித்தார். சைக்கிளுக்கு ஓய்வு.

வேலையில் சேர்ந்த சில மாதங்களில் நானே போய்க் கேட்டேன், எனக்கும் வண்டி ஓட்ட வேண்டும் என்று. மாமா சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாவியைத் தந்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

போன வாரம் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். அதிகாரி முன்னால் கால் ஊன்றாமல் எட்டுப் போட்டு முடித்து இறங்கினேன். மைதானத்து ஓரத்தில் நின்றிருந்த மாமாவின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

“எப்படி ஓட்டுனேன் மாமா?”

“நான் எங்கத்தா பாத்தேன்? ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு கண்ண மூடிப் பிள்ளையார்பட்டிக்கு வேண்டிக்கிட்டுல்ல நின்னேன்.”

எனக்கா, வண்டிக்கா என்று நான் கேட்கவில்லை. வண்டி மைதானத்தின் நடுவில் புழுதியில் நின்றது. அவர் என்னிடம்தான் வந்துகொண்டிருந்தார்.