ஓமவல்லிக்கு வெயில், கற்பூரவல்லிக்கு நிழல்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நான் ஏதோ நலம். அங்கு நீங்கள், என் மகள், பேரன், சம்பந்தி அம்மாள், என் மனைவி ஆகிய அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடைசியாகச் சொன்ன இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் அளவுக்கு நலமா என்பதை மட்டும் பதிலில் தனியாகத் தெரிவிக்கவும்.

நீங்கள் கேட்ட தீர்ப்பு தயாராகிவிட்டது. ஆனால் அதை எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. ஒரு மாதம் பேரனைப் பார்த்துக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பிய என் மனைவி இன்னும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். பேரனுக்கு மூக்கு ஒழுகியதும் அவள் கற்பூரவல்லி என்றாள், உங்கள் அம்மா ஓமவல்லி என்றார், இவர்கள் பேசி முடிப்பதற்குள் மூக்கு ஒழுகல் தானாகவே நின்றுவிட்டது. வாக்குவாதம் மட்டும் நிற்கவில்லை. மருந்துக்கடை வைத்திருக்கும் உங்களை இருவரும் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. என் மகள் போன் செய்து, "அப்பா, ரெண்டு பேரும் சமையலறையில இருந்தா நான் தண்ணி குடிக்கக்கூட உள்ள போறதில்ல" என்று அழமாட்டாத குறையாகச் சொன்னாள். அப்போதுதான் நீங்கள், "மாமா, நீங்க ஊர்ல இருக்கற தராசையெல்லாம் சோதிச்ச ஆளு. ரெண்டையும் வளத்துப் பாத்து எது ஒசத்தின்னு சொல்லிடுங்க, எங்க பால்கனில ஒரு தொட்டிக்குத்தான் எடம்" என்று சொல்லி, உங்கள் அம்மாவின் ஓமவல்லித் தொட்டியைக் காரில் கொண்டுவந்து என் தலையில் கட்டிவிட்டுப் போனீர்கள்.

எடைக்கல்லும் தராசும் சோதித்தே ஓய்வு பெற்றவன் நான். ஒரு பக்கம் சாய்ந்து பழக்கமில்லை. அதனால் இரு தரப்பையும் போனில் முறையாக விசாரித்தேன். "கற்பூரவல்லிக்கு நிழல் வேணும், தெனமும் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க, வெயில்ல வச்சா பொசுங்கிடும்" என்றாள் என் மனைவி. "ஓமவல்லிக்கு நல்ல வெயில் வேணும் சம்பந்தி, மண்ணு காஞ்சாதான் தண்ணி, தெனமும் ஊத்தினா வேரு அழுகிடும்" என்றார் உங்கள் அம்மா. பயன் என்ன என்று கேட்டதற்கு இருவரும் சளி, இருமல், தொண்டைக்கட்டு, அஜீரணம் என்று ஒரே வரிசையில் ஒப்பித்துவிட்டு, மற்றதில் இதெல்லாம் கிடையாது என்று முடித்தார்கள். ஆக, ஓமவல்லியைப் பால்கனிக் கம்பி ஓரத்தில் வெயிலிலும், எங்கள் வீட்டில் என் மனைவி வளர்த்த கற்பூரவல்லியைச் சுவர் ஓரத்தில் நிழலிலும் வைத்து, தொட்டிகளில் சாக்கட்டியால் பெயர் எழுதினேன். இங்கே வெயில் மத்தியானத்துக்கு மேல் சுவர் ஓரத்துக்கும் வந்துவிடுகிறது. ஆகவே நிழல் தொட்டிக்கு ஒரு குடை பிடிக்க வேண்டியதாயிற்று. குடை கீழ்வீட்டுத் துணிக்கொடியில் விழுந்தது, அதை எடுக்கக் குனிந்ததில் தண்ணீர்க் குவளையும் விழுந்தது, கீழ்வீட்டு அம்மாள் காயப்போட்டிருந்த போர்வையை மறுபடியும் காயப்போட வேண்டியதாகிவிட்டது. "ஏங்க, செடிக்குக் குடையா? உங்க வீட்டம்மா எப்ப வராங்க?" என்று கேட்டார். குடையை மட்டும் வாங்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

இதில் ஒரு சிக்கல், மாப்பிள்ளை. இரண்டு செடியும் பார்க்க ஒரே மாதிரி இருந்தன. தடித்த இலை, மேலே பூனைமுடி, ஓரத்தில் ரம்பப் பல், கசக்கினால் கும்மென்று ஒரே வாசனை. ஆனால் சில வாரத்தில் வித்தியாசம் தெரிய ஆரம்பித்ததும் எனக்கு உயிர் வந்தது. வெயிலில் நின்ற ஓமவல்லி இலை சிறுத்து, தடித்து, காரமாக இருந்தது. நிழலில் நின்ற கற்பூரவல்லி இலை உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து, சாறு கட்டி, மென்மையாக இருந்தது. தீர்ப்பை எழுதவே உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து, வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் பால்கனியைக் கழுவிவிட்டுத் தொட்டிகளை இடம் மாற்றி வைத்திருக்கிறார், சாக்கட்டி எழுத்தும் கழுவிக்கொண்டு போய்விட்டது, எனக்கு அது அப்போது தெரியவே தெரியாது. பிறகு ஒருநாள் பார்க்கிறேன், ஒரு செடியில் பழைய இலையெல்லாம் சிறுத்து ஓமவல்லி மாதிரியும், புதிதாக வந்த இலையெல்லாம் அகன்று கற்பூரவல்லி மாதிரியும் இருந்தன, மற்றதில் அப்படியே நேர்மாறாக இருந்தது. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன், கழற்றிவிட்டும் பார்த்தேன். ஓமவல்லி எது, கற்பூரவல்லி எது, இதற்கு முன்னால் பார்த்தது எது என்று சத்தியமாகப் புரியவில்லை.

இதற்கிடையில் தினமும் தண்ணீரில் அளைந்து எனக்கே சளி பிடித்துக்கொண்டது. சரி, பயனையாவது ஒப்பிடுவோம் என்று காலையில் ஒன்றின் இலையையும் மாலையில் மற்றதன் இலையையும் வெந்நீரில் கொதிக்கவிட்டுக் குடித்தேன். தொண்டை சரியாகிவிட்டது. எதனால் சரியானது என்று கேட்டால் நான் எங்கே போவேன்? காலையில் குடித்தது எந்தத் தொட்டி என்பதே மாலைக்குள் மறந்துவிடுகிறது.

கடைசியில் இரண்டிலும் ஒரு கொம்பை ஒடித்துக்கொண்டு நர்சரிக்குப் போனேன். அங்கே கற்பூரவல்லி என்று ஒரு பலகை, ஓமவல்லி என்று ஒரு பலகை, கீழே தனித்தனி வரிசைகள். அப்பாடா என்றிருந்தது. என் கொம்புகளைக் காட்டி, இதில் எது எந்த வரிசை என்று கேட்டேன். நர்சரிக்காரர் போனில் யாருடனோ பேசிக்கொண்டே, "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார். "எந்த ரெண்டு? இந்தக் கொம்பு ரெண்டுமா, அந்த வரிசை ரெண்டுமா?" என்றேன். "எல்லாமே ஒண்ணுதான் சார். ஒரே செடிக்கு ரெண்டு பேரு. அந்தப் பேரைச் சொல்லி வரவங்க இந்தப் பேரைப் பாத்தா வாங்காமப் போயிடறாங்க, அதான் ரெண்டு பலகை" என்றார். "அப்ப வெயிலா நிழலா?" என்றேன். "எளவெயில் போதும் சார், மண்ணு காஞ்சதும் ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு, எனக்கு ஒரு ரோஜாச் செடியை விற்கப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். உங்கள் பால்கனி கிழக்கு பார்த்தது. அங்கே வருவது காலை வெயில், அதனால் உங்கள் அம்மா வெயில் என்கிறார். எங்கள் பால்கனி மேற்கு பார்த்தது. இங்கே மத்தியான வெயில் பொசுக்கும், தொட்டியும் சீக்கிரம் காயும், அதனால் என் மனைவி நிழல் என்கிறாள், தினமும் தண்ணீர் என்கிறாள். ஆகவே என் தீர்ப்பு: இரண்டும் ஒன்றே. இந்தக் கடிதத்தை இருவரையும் உட்காரவைத்து உரக்கப் படித்துக் காட்டவும். சண்டை தீர்ந்ததும் என் மனைவியை ஊருக்கு அனுப்பிவைக்கவும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மாப்பிள்ளை, அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை. அவள் குரல் இல்லாத வீட்டில் ரேடியோவைப் போட்டுவிட்டு அதற்கு 'ம்' கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

என் மகளுக்கும் பேரனுக்கும் ஆசீர்வாதம். சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கம். எல்லோரும் சளி இருமல் இல்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும் மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது என் மனைவியே போன் செய்தாள். தீர்ப்பைச் சொன்னேன். "அது எனக்குத் தெரியாதா? நம்ம வீட்டுச் செடியே அவங்க தொட்டியிலேருந்து நான் ஒடிச்சுட்டு வந்த கொம்புதானே, அவங்களுக்கும் தெரியுமே" என்றாள். "அப்புறம் எதுக்குடி இந்தச் சண்டை?" என்றேன். "சண்டையா? இங்க ஒரு வார்த்த சொன்னா பத்து வார்த்த திரும்பி வருது. எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா? அங்க எதைச் சொன்னாலும் நீங்க 'ம்'முனு சொல்லிட்டுப் போயிடுவீங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. என்ன தோன்றியதோ, "ரெண்டும் ஒண்ணு இல்ல. வேற வேற செடி. உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டேன். "என்ன சொன்னீங்க?" என்றாள். மறுபடியும் சொன்னேன். "இருங்க, நேர்ல வந்து பேசிக்கறேன்" என்றாள், நாளைக்கே கிளம்புகிறாளாம். ஆகவே மாப்பிள்ளை, மேலே எழுதியவை அனைத்தையும் ரத்து செய்கிறேன். யாருக்கும் படித்துக் காட்ட வேண்டாம். கற்பூரவல்லி வேறு, ஓமவல்லி வேறு. இனி என் உயிர் உள்ளவரை இதில் மாற்றமில்லை.