துரையின் தொப்பையில் ரேஷன் அரிசி

சேசு மரி சூசை துணை

புக்கிட் ரோத்தான் பக்கத்து ரப்பர் தோட்டம்,
மார்ச் 1952

மதிப்பிற்குரிய மைத்துனர் ராஃபேல் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஜெனவீவின் புருஷன் அமலதாஸ் வணக்கத்துடன் எழுதுவது. கோலா குபு பாருவில் தாங்களும் வீட்டாரும் சுகமென்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, கை வரவில்லை.

எல்லாம் தாங்கள் கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய படம் வரையும் நோட்டால் வந்த வினை. நோட்டோடு நிறுத்தியிருந்தால் ஜெனவீவ் பென்சிலால் ரெண்டு ரோஜாப்பூ போட்டு முடித்திருப்பாள். டிராயிங் மாஸ்டர் அல்லவா, சும்மா இருப்பீர்களா, ஒரே பக்கத்தில் மை, கரி, சாயம் எல்லாம் கலந்து பார், கைக்குக் கிடைத்ததை ஒட்டிப் பார் என்று உபதேசம் வேறு எழுதினீர்கள். அன்றிலிருந்து என் சட்டைக்குப் போடும் சலவை நீலம் வானமாகிவிட்டது, மஞ்சள் தூள் வெயிலாகிவிட்டது, மீன் குழம்பு வெளுத்துப்போய் வருகிறது, பசைக்கு ரப்பர் பால், அதுவும் கம்பெனிப் பால். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் எனக்கு இருக்கிற கிராணி வீடே போய்விடும் போலிருக்கிறது.

போன ஞாயிறு பூசைக்குப் போக லோரி ஏறுமுன் கேட்டில் சோதனை. காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமென்று ஒரு பிடி அரிசிகூட முள்வேலியைத் தாண்டக் கூடாது, தங்களுக்கே தெரியும். இவள் சாமியாரிடம் காட்ட நோட்டை எடுத்து வந்திருக்கிறாள். காவலுக்கு நின்ற சன்னாசி பிரித்துப் பார்த்தால் பெரிய துரை படம். மூக்குக்குச் செங்கல் பொடி, மீசைக்குத் தேங்காய் நார், தொப்பை முழுக்க ரேஷன் அரிசி, மணி மணியாக ஒட்டி மேடு கட்டியிருக்கிறாள். பக்கத்தில் ரேஷன் வரிசையில் நிற்கிற நம் ஜனம், வெறும் பென்சில் கோடு, ஈர்க்குச்சி மாதிரி.

சன்னாசி ஒரு மணியை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். "கிராணியம்மா, இது அரிசிலா. ஏன் கொண்டுபோய் துரை வயித்துல ஒட்டுனீங்க?" என்றான்.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "அரிசி எங்க இருக்கோ அங்கதான தம்பி ஒட்ட முடியும்?" என்றாள்.

லோரி மொத்தமும் சிரித்தது. எங்கள் ரேஷன் குறையக் குறைய பங்களாவில் விருந்து குறையாதது எனக்குத் தெரியாதா மச்சான்? தெரிந்தாலும் கிராணி சிரிக்கலாமா? படம் துரை மேசைக்குப் போய்விட்டது. நாளைக் காலை என்னை வரச் சொல்லியிருக்கிறார். வேலை போனால் பெண்டாட்டி பிள்ளைகளோடு நேரே தங்கள் வீட்டுக்குத்தான் வருவேன், இடம் ஒழித்து வையுங்கள். இனி நோட்டு, சாயம், உபதேசம் எதுவும் என் வீட்டுக்கு வரக் கூடாது.

மாதா தங்களைக் காக்கட்டும், நேரமிருந்தால் எங்களையும்.

இப்படிக்கு,
இன்று வரை கிராணி,
அமலதாஸ்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடுமுன் துரையைப் பார்த்துவிட்டேன். தோட்டத்துக்கே தான்தான் சோறு போடுவதாக ஜெனவீவ் அழகாகக் காட்டிவிட்டாளாம், படத்துக்குச் சட்டம் போடச் சொல்லிவிட்டார். துரைசாணியையும் அப்படியே வரைய வேண்டுமாம், அரிசி எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டார். அம்மா சற்றுப் பெரிய உருவம் என்றேன். ரெண்டு படி கிடைத்தது. வெகு நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டோம். துரைசாணியைப் பென்சிலிலேயே முடித்துக்கொள்ளலாமா என்று தங்கள் தங்கை கேட்கச் சொன்னாள். இன்னொரு நோட்டு உடனே அனுப்பவும். துரைக்குப் பிள்ளைகள் உண்டு, எல்லாம் நல்ல புஷ்டி.