மாடிப்படி இதயத்துக்கு நல்லது

மனித இதயத்தைப் பற்றி இதுவரை கண்டறியப்பட்ட உண்மைகளிலேயே மகத்தானது எங்கள் அலுவலக லிஃப்ட் கதவில்தான் ஒட்டப்பட்டிருக்கிறது. ‘படியேறுங்கள், இதயம் காப்பீர்.’ கீழே சிவப்பு இதயம் ஒன்று, கைகால் முளைத்து, சிரித்தபடி படியில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒட்டச் சொன்னவர் எங்கள் மேலாளர். இரண்டாவது மாடிக்கே லிஃப்டில் போகிறவர். அவ்வளவு தன்னலமற்றவர், படிகளை முழுக்கப் பிறருக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்.

அந்தப் பிறர் என் அம்மா. அறுபத்தாறு வயது. ஏழு மாடியும் பெருக்கித் துடைக்கிறார். துப்புரவு ஊழியரின் அட்டைக்கு லிஃப்ட் திறக்காது. எங்கள் வம்சத்தின் முதல் பட்டதாரியாகி, அதே அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் என் அட்டைக்குத் திறக்கும். படித்தால் உயரலாம் என்று பள்ளியில் சொன்னது இதைத்தான்.

"என் அட்டையில வாம்மா."

"ஒழுங்கா வேலையப் பாருடி. உன் சீட்டுக்கும் சேர்த்து ஆப்பு வச்சுக்காத."

‘இதய நல மாதம்’ பிறந்தது. எல்லோர் கையிலும் துடிப்பும் ஏறிய மாடியும் எண்ணும் கடிகாரம். நிறுவனத்தின் சராசரி உயர வேண்டுமே என்று துப்புரவுப் பிரிவுக்கும் கட்டினார்கள். அம்மாவின் கடிகாரம் மட்டும் கத்திக்கொண்டே இருந்தது: துடிப்பு தாளம் தப்புகிறது.

டாக்டர் ஈசிஜி எடுத்தார், ரத்தம் எடுத்தார். "இதயம் திணறும்போது ரத்தத்துல ஏறுற அளவு ஒண்ணு இருக்கு. வயசானவங்களுக்குக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். வயசுக்குன்னு என்ன தள்ளுபடி குடுத்தாலும் இவங்களுக்கு மூணு மடங்கு. மாத்திரை தர்றேன். படியேறக் கூடாது."

மேலாளரிடம் போனேன்.

"மூணு மடங்கா?" அவர் முகம் மலர்ந்தது. "எந்தப் பிரிவுலயும் இப்படி ஒரு வளர்ச்சி இல்லையேம்மா."

"அது குறையணும் சார். அம்மாவுக்கு லிஃப்ட் வேணும்."

"வாளியும் துடைப்பமுமா லிஃப்ட்ல வந்தா வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"வாளி இல்லாம வரட்டும்."

"வாளி இல்லைன்னா படியிலயே ஜாலியா கைய வீசிட்டு ஏறலாமே."

தர்க்கத்தில் அவரை வெல்ல முடியாது. ஆனால் ஈர நெஞ்சக்காரர். கூட்டம் போட்டு, தேநீருடன் ஆராய்ந்து, அம்மாவுக்கு ‘உடனடி நிவாரணம்’ வழங்கினார்: கடிகாரத்தின் சத்தத்தை அணைத்தார்கள்.

மாதக் கடைசியில் முடிவு வந்தது. நிறுவனத்திலேயே அதிக மாடி ஏறியவர் அம்மா. ‘இதய வீராங்கனை’ பதக்கம். விழா ஏழாவது மாடியில்.

"போகாதம்மா."

"இத்தனை வருசத்துல இப்பத்தான் மேடைக்குக் கூப்பிடுறாங்க. துடைக்கறதுக்கு இல்லாம."

"அப்ப லிஃப்ட்லதான் வரணும்."

"சரிடி."

அம்மா சரி என்று சொன்ன அன்று லிஃப்ட் சரி என்று சொல்லவில்லை. ‘சிறப்பு விருந்தினருக்கு மட்டும்’ என்று பலகை. என் அட்டையும் செல்லாது. அம்மா நல்ல புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். நான்காவது மாடித் திருப்பத்தில் கம்பியைப் பிடித்தார். "கொஞ்சம் நில்லுடி" என்றார். சரிந்தார். கையில் கடிகாரம் சத்தமே போடாமல் மினுக்கியது.

விருந்தினர் இன்னும் வரவில்லை. ஆகவே லிஃப்ட் தர ‘இயலவில்லை’. அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து நானும் காவலாளியும் படி படியாக இறக்கினோம்.

ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போது ஏழாவது மாடியிலிருந்து மேலாளர் வந்து சேர்ந்தார். கையில் பதக்கம்.

"இத விட்டுட்டுப் போறீங்களேம்மா."

அவருக்கு மூச்சு வாங்கவே இல்லை. பதக்கம் லிஃப்டில் வந்திருந்தது.