ஊதியதற்கு ஒரு விளக்கம்

மேன்மை பொருந்திய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் அத்தையும் இங்கே நலம். நலமில்லை என்றாலும் அதை விசாரிக்கும் நிலையில் தாங்கள் இல்லாததால், நலம் என்றே வைத்துக்கொள்ளவும்.

தங்கள் மண்பாண்டப் பட்டறைத் திறப்புக்கு வந்து திரும்பிய அன்று மாலை, உங்கள் பட்டறை ஃபோனிலிருந்து என் ஃபோனுக்கு ஒரு வரி வந்து சேர்ந்தது. "யூ பூ-பூட் மை வொர்க்." உங்கள் குடும்பத்தில் கோபம் வந்தால் ஆங்கிலம்தான் வரும் என்பது தெரிந்த விஷயம். ஆனால் ஆயுள் முழுக்கக் கடிகாரம் பழுதுபார்த்த எனக்கு டயலில் அச்சடித்த ஆங்கிலத்தைத் தாண்டி எதுவும் தெரியாது. பக்கத்து வீட்டு ஆங்கிலப் பேராசிரியரிடம் ஓடினேன். ஓய்வு பெற்றதிலிருந்து அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. நான் 'பூ-பூட்' என்ற ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டதும், மனிதர் எழுந்துபோய் வாசற்கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்.

"அது முதல்ல சொல்லே இல்ல சார், வெறும் மூச்சு. ஒரு பொருள் அற்பமா தெரிஞ்சா வாயால ஊதித் தள்ளுற மாதிரி ஒரு சத்தம். ரொம்ப காலம் சத்தமாவே இருந்துச்சு. அப்புறம் அதையே ரெண்டு தடவை சேர்த்து வினைச்சொல்லாக்கிட்டாங்க. அடுத்தவங்க செஞ்சதை துச்சமா ஒதுக்குறதுன்னு அர்த்தம்."

என்ன சாமர்த்தியம் பாருங்கள்! நம் வீடுகளில் "ப்பூ, இவ்வளவுதானா?" என்று தினமும் வீணாய்ப் போகிற சத்தம். அவர்கள் அதைப் பிடித்து, இறந்தகாலம் எதிர்காலம் எல்லாம் பூட்டி, அகராதியில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். நீங்களும் அதைத் தேடி எடுத்து என் தலையில் போட்டுவிட்டீர்கள்.

நடந்தது என்ன? தாங்கள் செய்த முதல் கூஜாவை எடுத்தேன், ஊதினேன், திருப்பிப் பார்த்தேன். கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்ததும் ஊதாமல் உள்ளே பார்ப்பவன் தொழில்காரனே இல்லை. தூசி போனால்தானே பொருள் தெரியும்? கல்யாணத்தில் நீங்கள் நீட்டிய கையைக்கூட நான் ஊதிவிட்டுத்தான் பிடித்தேன் என்கிறாள் உங்கள் அத்தை. கூஜாவிலிருந்து பறந்த தூசி, திறப்புக்கு வந்திருந்த தங்கள் பழைய மேனேஜரின் காபியில் விழுந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்துவிட்டார். வேலையை விட்டு வருவதற்கு முன் அவரிடம் கொஞ்சம் பொறுமையாவது கற்றுக்கொண்டு வந்திருக்கலாம்.

அந்த வரியைப் படித்த நாளிலிருந்து ஊதுவதை அடியோடு விட்டேன். என் பிறந்தநாள் கேக்கில் மெழுகுவத்தி எரிந்து எரிந்து க்ரீமுக்குள் இறங்கிவிட்டது, கேக்கை அவமதிக்க நான் யார்? கீழ்வீட்டுக்காரர்கள் பிறந்த குழந்தையைக் கொண்டுவந்து காட்டினார்கள். எங்கே ஊதித் தொலைப்பேனோ என்று மூச்சை அடக்கிக்கொண்டேன், அவர்கள் குழந்தையை அழகு பார்த்து முடிக்கவே இல்லை, என் முகம் சிவந்து கண் பிதுங்கியதும் நெஞ்சுவலி என்று அலறி என்னை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"நல்லா மூச்சை இழுத்து வாயால விடுங்க," என்றார் டாக்டர்.

"மாட்டேன்."

"ஏன்?"

"உங்களை அவமதிச்சதா ஆயிடும்."

அவர் வேறொரு டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அது எந்த வியாதிக்கான டாக்டர் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை.

மகள் ஞாயிறுதோறும் தனியாக வருகிறாள். "அவர் எங்கம்மா?" என்றால் "வேலைப்பா" என்கிறாள். இந்த விஷயத்தைப் பற்றி அவளிடம் நான் மூச்சு விடவில்லை, எனக்கும் மானம் இருக்கிறது. நாம் ஆடும் கேரம்போர்டில் உங்கள் அத்தையோடு ஆடிப் பார்த்தேன். அவள் மரியாதை தெரியாமல் ஜெயிக்கிறாள். நீங்கள் வராமல் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது மாப்பிள்ளை. இதைக் கிண்டலாக எழுத எவ்வளவோ முயன்றேன், வரவில்லை.

நீண்ட ஆயுளும், அதைவிட நீண்ட பொறுமையும் பெற்று வாழ்க என ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பி.கு.: உங்கள் அத்தை இப்போதுதான் மகளுக்கு ஃபோன் போட்டு, இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டினாள். நீங்கள் இருவரும் பயன்படுத்தும் பட்டறை ஃபோனை எடுத்துப் பார்த்த மகள் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. அதில் 'அப்பா' என்று இரண்டு பேர் இருக்கிறோமாம். ஒன்று அவள் பதிந்த நான், இன்னொன்று நீங்கள் பதிந்த உங்கள் அப்பா. அந்த வரி, தங்கள் வேலையைத் துச்சமாய்ப் பேசிய அவருக்குப் போக வேண்டியதாம். "உங்க மாப்பிள்ளையோட வருத்தமே வேறப்பா. திறப்பு அன்னைக்கு எல்லாரும் போட்டோ எடுத்துட்டுப் போயிட்டாங்க. மாமா ஒருத்தர்தான் ஊதித் திருப்பிப் பார்த்தார், அவரும் ஒண்ணும் சொல்லாம போயிட்டாரே, அவ்வளவு மோசமான்னு கேட்டுக்கிட்டே இருக்கார்," என்கிறாள். எனவே மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். சம்பந்திக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும்? ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே வருகிறேன். கூஜாவின் பிடி அருமை. அடிப்பாகம் கொஞ்சம் கோணல்.