நான் செதுக்கிய கடன்

அப்பாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய அன்றே ஒரு முடிவுக்கு வந்தேன். வாழ்க்கையில் இந்த ஒரு தடவையாவது நான் ஜெயித்தே தீர வேண்டும்.

டிரான்சில்வேனியாவில் எங்கள் சாக்ஸன் கிராமங்களில் ஒரு பாழாய்ப்போன வழக்கம் உண்டு. சொத்தை மூத்தவன் இரண்டாகப் பிரிப்பான். எந்தப் பங்கு வேண்டுமென்று இளையவன் எடுப்பான். அப்போதுதான் மூத்தவன் யோக்கியமாகப் பிரிப்பானாம். எந்த மூத்தவனையும் கேட்டுச் செய்த ஏற்பாடாகத் தெரியவில்லை.

அப்பா இருந்த வீடு கடைக்குட்டியான என் தம்பிக்கு. அதில் பேச்சே இல்லை. மீதி இரண்டு. தெற்குச் சரிவில் திராட்சைத் தோட்டம். ஓடையோரம் புல்வெளி, கூட நாலு மாடு. தோட்டம் தங்கம். புல்வெளி, ஒரு மழை பெய்தால் வாத்துக்குத்தான் உதவும். என் தம்பி ஸ்தோஃபல் விவரம் தெரியாதவன். ஆனால் ஒயின் தெரிந்தவன். கண்ணை மூடிக்கொண்டு தோட்டத்தில் கை வைப்பான்.

அவனைத் தடுக்க எனக்கு ஒரே வழிதான் இருந்தது. அப்பாவின் கடனை எந்தப் பங்கோடு சேர்ப்பது என்பது மூத்தவன் இஷ்டம். தோட்டத்தின் தலையில் கடனை ஏற்றி வைத்தால் ஸ்தோஃபல் அலறி ஓடுவான். அருமையான யோசனை. ஆனால் என் அப்பாவிடம் ஒரு பெரிய குறை இருந்தது. அந்த மனிதருக்குக் கடனே இல்லை.

இல்லாவிட்டால் என்ன? எங்கள் ஊரில் கடன் என்றால் ஒரு குச்சி. எத்தனை குல்டன் காசோ அத்தனை வெட்டுப் போட்டு, நீளவாக்கில் பிளந்து, கொடுத்தவர் ஒரு பாதி, வாங்கியவர் ஒரு பாதி வைத்துக்கொள்வார்கள். இரண்டு பாதியும் பொருந்தினால் கடன் உண்மை. கொடுத்தவர் பாதி யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் கடன் சேரும். ஆக, எனக்குத் தேவை ஒரு கத்தி.

வைக்கோல் கொட்டகையில் உட்கார்ந்து செதுக்கிக்கொண்டிருந்தபோது என் மனைவி ட்ரைன் வந்து நின்றாள்.

"என்னங்க செதுக்கறீங்க?"

"கரண்டி."

"கரண்டின்னா குழி இருக்குமே."

"இது தட்டைக் கரண்டி."

"கஞ்சியை எதுல மொண்டு குடிப்பீங்க? தடவிக்குவீங்களா?"

ட்ரைனிடம் பொய் சொல்வதற்கு நான் இன்னும் கொஞ்சம் புத்திசாலியாகப் பிறந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கொல்லர் தீஸும் மாவு மில் கியெர்க்கும் குச்சியோடு வந்து கடன் கேட்பார்கள். தம்பி பயந்து புல்வெளியை எடுப்பான். அப்புறம் குச்சிகளை அடுப்பில் போட்டுவிடுவோம். ஆளுக்கு ஒரு ஜாடி ஒயின் கூலி.

திட்டப் போகிறாள் என்று காதைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"மூளைன்னா இதுல்ல மூளை!" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் நான் கேட்ட முதல் பாராட்டு. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டுத் தொலைத்தேன்.

"உங்க தம்பி பாவம் இல்லையா?"

"அவனுக்கு என்னடி குறைச்சல்? நாலு மாடு போகுதே!"

"மாடு..." என்று இழுத்தாள். "எங்கப்பா வீட்டிலிருந்து ஒரு செவலை மாடு ஓட்டிட்டு வந்தேன். ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமலா? அந்த மாட்டைச் சந்தையில் கொடுத்து நானும் அப்பாவும் ஒரு குதிரை வாங்கி வந்தோம். அது எங்கள் வாசல்வரை நடந்து வந்து, வீட்டை ஒரு தடவை பார்த்து, படுத்து, செத்துப்போனது. அன்றிலிருந்து வீட்டில் யாராவது பால் என்றாலே நான் வெளியே போய்விடுவேன்.

"அதை எதுக்கு இப்ப இழுக்கறே? தோட்டம் கைக்கு வரட்டும், ரெண்டு மாடா வாங்கித் தரேன்."

"குதிரை வாங்கப் போனப்பவும் இதேதான் சொன்னீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். குச்சிகளைப் பழசாகக் காட்டப் புகைக்கூண்டில் தொங்கவிடச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். கடனாளியின் பாதிகளை அப்பாவின் பெட்டியில் போடும் வேலையையும் அவளே ஏற்றுக்கொண்டாள். இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பாகப்பிரிவினை நாள். அப்பா வீட்டு மேஜையின் தலைமாட்டில் பாகம் பிரித்து வைக்கும் ஊர்ப் பெரியவர் பெர்த்தல் ஐயா. ஒரு பக்கம் தோட்டத்துக்காகத் திராட்சைக் கொடி, மறுபக்கம் புல்வெளிக்காக ஒரு பிடி புல். பெட்டியில் இருந்த குச்சிக் கட்டை எடுத்துக் கொடியின் மேல் வைத்தேன்.

கட்டு கொஞ்சம் பருமனாக இருந்ததுபோல் பட்டது.

தீஸ் வந்தார். குச்சி பொருந்தியது. கியெர்க் வந்தார். பொருந்தியது. முடிந்தது என்று நான் மூச்சு விட்டபோது ஊர் மருத்துவச்சி ஆக்னெத் உள்ளே வந்தாள். கையில் குச்சி!

நான் இவளுக்குச் செதுக்கவே இல்லையே?

பெர்த்தல் ஐயா குச்சிக் கட்டுக்குள் தேடி ஒரு பாதியை எடுத்து வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. பின்னாலேயே ஆட்டுக்கார யோன். அவன் குச்சியும் பொருந்தியது. தூக்கத்தில் செதுக்கினேனா? இல்லை, அப்பா நிஜமாகவே கடன் வாங்கினாரா? ஆட்டுக்காரன் சரி. மருத்துவச்சியிடம் அப்பாவுக்கு என்ன கடன்? பிறந்ததே நாங்கள் இரண்டு பேர்!

"மெர்ட்டன், இந்தக் குச்சியெல்லாம் உங்கப்பாவோடதுதானா?" என்றார் பெர்த்தல் ஐயா.

இவை இரண்டும் பொய் என்றால், அவை இரண்டும் என்ன என்று கேட்பார்.

"ஆமாங்க ஐயா," என்றேன்.

"எல்லாமா?"

"எல்லாமேதாங்க."

ஸ்தோஃபல் தலையில் கை வைத்துக்கொண்டான். "அண்ணா, அப்பா ஏண்ணா இவ்வளவு கடன் வாங்கினாரு?"

"யாருக்குடா தெரியும்? கஷ்டத்தை வெளியில சொல்ற மனுஷனா அவரு?" என்று சொல்லி அழுதேன். உண்மையாகவே அழுகை வந்தது. அவ்வளவு குழப்பம்.

"எடுப்பா தம்பி," என்றார் பெர்த்தல் ஐயா.

ஸ்தோஃபலின் கை நேராகத் திராட்சைக் கொடிக்குப் போனது. ட்ரைன் லேசாக இருமினாள். கை அப்படியே நகர்ந்து புல்லை எடுத்தது.

தோட்டம் எனக்கு! தம்பியைக் கட்டிப்பிடித்து இன்னொரு பாட்டம் அழுதுவிட்டு வெளியே ஓடினேன்.

"தீஸ், குச்சியைக் குடு. அடுப்புல போடணும்."

"குச்சியா? ட்ரைன்கிட்டக் குடுத்தாச்சே."

"எப்ப?"

"நீ உள்ள ஒப்பாரி வச்சுட்டு இருந்தப்ப. நீ ஒரு ஜாடிதானே சொன்னே? அவ ரெண்டு ஜாடி குடுத்தா. மகராசி!"

கியெர்க்கும் அதையே சொன்னார். எவ்வளவு முன்யோசனை என்று பூரித்துப்போய் வீட்டுக்கு ஓடினேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"எரிச்சாச்சா?"

"எதை?" என்றாள் ட்ரைன். அவள் இடுப்புத் துணியில் நாலு குச்சியும் பத்திரமாக முடிந்திருந்தன.

"குச்சியைத்தாண்டி! பொய்க் கடன்தானே அது?"

"பொய்யா? பெர்த்தல் ஐயா முன்னால எல்லாமேதான்னு சொன்னீங்களே."

"அந்த மருத்துவச்சி குச்சி?"

"நான் செதுக்கினது. உங்களோடதைவிட நல்லா வந்திருக்கு, இல்ல?"

நான் உட்கார்ந்துவிட்டேன். "இவ்வளவு பணத்துக்கு நான் எங்கடி போவேன்?"

"பணம் யாரு கேட்டா? கட்ட முடியலேன்னா நிலம் குச்சி வச்சிருக்கறவங்களுக்கு. வழக்கம்தானே? தோட்டத்தை நானே பாத்துக்கறேன்."

"அடிப்பாவி! என் தம்பி?"

"அவருக்கு நேத்தே தெரியும். வருஷா வருஷம் ஒயின்ல பாதி அவருக்கு. பதிலுக்கு..."

அவள் முடிக்கவில்லை. கொல்லைப்புறத்தில் தம்பியின் நாலு மாட்டில் ஒரு செவலை கத்தி, அதை முடித்து வைத்தது. சந்தைக்குப் போன அந்தப் பழைய மாடே திரும்பி வந்ததுபோல் ட்ரைன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் ஒரு நிமிஷம் வெட்கமாகத்தான் இருந்தது.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"நீங்க என் புருஷன். உங்களைச் சும்மா விட்டுடுவேனா?"

மறுநாள் காலை மேஜைமேல் ஒரு பக்கம் மண்வெட்டி இருந்தது. மறுபக்கம் துணி மூடிய பெரிய கூடை.

"நான் பிரிச்சுட்டேன். நீங்க எடுத்துக்குங்க. நம்ம வழக்கம்."

நான் ஒன்றும் ஸ்தோஃபல் இல்லை. மண்வெட்டி எடுப்பவன் வேலைக்குப் போவான். கூடை எடுப்பவன் ரொட்டியும் பன்றிக் கொழுப்பும் தின்பான். இது தெரியாதா? கூடையைத் தூக்கினேன். நல்ல கனம். கொழுப்புத் துண்டு பெரியதுதான் என்று நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு துணியை விலக்கினேன்.

உள்ளே இரண்டு மண்வெட்டிகள் இருந்தன.