ஒற்று மிகா இடம்

"'வாழ்த்துக்கள்'! நடுவுல அந்த 'இக்கு' இருந்தாத்தான் கம்பீரம். அதுல கை வச்சீங்கன்னா நான் பொல்லாதவனாயிடுவேன்!" என்றார் அச்சக முதலாளி.

"அந்த 'இக்கு' இருக்கிற வரைக்கும் நான் கையெழுத்துப் போடமாட்டேன். 'வாழ்த்துகள்'தான் சரி" என்றார் பிழை திருத்துபவர். அச்சகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் ஒற்று ஐயா.

இருவருக்கும் நடுவில் கணினியோடு அகப்பட்டுக்கொண்டவள் டிடிபி அக்கா. நகரமன்றத் தலைவரின் பிரிவு உபசார விழா மலர் மறுநாள் காலை மேடைக்குப் போயாக வேண்டும். அக்கா ஒற்றை எடுத்தால், முதலாளி தன் அறைக் கணினியில் கோப்பைத் திறந்து மறுபடி சேர்த்துவிடுவார். சேர்த்தால், ஒற்று ஐயா தாளில் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். காலையிலிருந்து அந்த ஒற்று பதினோரு முறை வந்து போய்விட்டது.

அக்காவுக்குப் பளிச்சென்று ஒரு யோசனை. கோப்பில் ஒற்று இருக்கட்டும், தாளில் மட்டும் மறையட்டும். எழுத்துருவிலேயே கை வைத்துவிட்டால்? முதலாளியின் கணினியில் பழைய எழுத்துரு. அச்சுக்கு அனுப்பும் தன் கணினியில் திருத்திய எழுத்துரு. யாருக்குத் தெரியப்போகிறது!

இணையத்தில் இலவச மென்பொருள் தேடினாள். முதலில் கிடைத்ததில் எழுத்தின் வடிவத்தை மட்டும்தான் மாற்ற முடிந்தது. சரியென்று 'க்' மொத்தத்தையும் துடைத்தாள். அச்சுப்படியைப் பார்த்த ஒற்று ஐயா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா இது? 'வாழ்கை'ங்குது, 'அகறை'ங்குது! இருந்த ஒற்றையெல்லாம் யார் அள்ளிட்டுப் போனது?"

இரண்டாவது மென்பொருள், எழுத்துகள் அடுத்தடுத்து வரும்போது என்ன ஆகவேண்டும் என்கிற விதிகளையும் மாற்றித் தந்தது. ஆனால் அது வெறும் வெள்ளோட்டப் பதிப்பாம். முற்றுப்புள்ளி விழும் இடமெல்லாம் 'மாதிரி' என்று முத்திரை குத்தியது.

"'இவர் ஒரு நல்ல தலைவர் மாதிரி'ன்னு வந்திருக்கு" என்றார் ஐயா. "தலைவரா, தலைவர் மாதிரியா? ஏதாவது ஒண்ணு சொல்லும்மா!"

அக்கா விடவில்லை. எழுத்துரு ஆர்வலர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் போய் முறையிட்டாள். யாரோ ஒரு புண்ணியவான் மூன்றாவது மென்பொருளைக் காட்டிக்கொடுத்தார். முழுக்க முழுக்க இலவசம். விதியை வரிவரியாக எழுதிக் கொடுத்தால் போதும். 'க், க, ள் மூன்றும் இதே வரிசையில் வந்தால் முதலாவதை விழுங்கு' என்று எழுதினாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டினாள். வாழ்த்துகள். கருத்துகள். எழுத்துகள். 'பக்கம்' பக்கமாகவே இருந்தது. 'அக்கறை'க்கும் ஒரு குறையில்லை!

முதலாளி தன் திரையைப் பார்த்து, "இப்பத்தான் கம்பீரம்!" என்றார். ஒற்று ஐயா தான் சுழித்த இடங்களை மட்டும் தாளில் தடவிப் பார்த்து, "இப்பத்தான் தமிழ்!" என்று கையெழுத்துப் போட்டார். ஐந்நூறு பிரதிகள் கடகடவென்று ஓடின. அக்கா சுழல் நாற்காலியில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக்கொண்டாள். வாழ்நாளில் இப்படி ஜெயித்ததில்லை.

மறுநாள் மத்தியானம் நகரமன்ற அலுவலக டிரைவர் வந்து நின்றார்.

"இன்னும் முந்நூறு பிரதி வேணும்மா. விழாவுல கைதட்டல் ஓயவே இல்ல."

"அப்படி என்னண்ணே பிடிச்சுது?" அக்காவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

டிரைவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முதல் பக்கத்துலயே 'மகள் நலனே தன் நலன் என வாழ்ந்தவர்'னு போட்டீங்களே... பத்து வருஷமா எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் வராத தைரியம்மா அது!"