கருத்தரங்குக்குப் போன கம்பளி யானை

ஒரு காட்டில், அதுவும் பனியெல்லாம் உருகிச் சேறாகிப்போன காட்டில், வடிவாம்பாள் என்று, உடம்பெல்லாம் சடைமயிர் மூடிய ஒரு கம்பளி யானை இருந்தாள். அவள் இனத்தில் அவள்தான் கடைசி. காட்டில் புல் முளைக்கிற மேடும் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதை மேய்ந்துகொண்டு அவள் பாட்டுக்குக் காலம் தள்ளினாள்.

ஒருநாள் காலையில் பார்த்தால் அந்த மேட்டில் பந்தல் போட்டிருக்கிறார்கள். 'கம்பளி யானைகள் அழிந்தது ஏன்? மாபெரும் கருத்தரங்கம்' என்று பேனர் வேறு. வடிவாம்பாள் பந்தலுக்குள் நுழைந்தாள்.

பேராசிரியர் ஆந்தை முழங்கிக்கொண்டிருந்தார். "வெயில்தான் காரணம்! பனி போச்சு, புல் போச்சு, யானையும் போச்சு!"

முனைவர் நரி மைக்கைப் பிடுங்கினார். "சுத்தப் பொய்! மனுஷன் ஈட்டியால குத்தியே தீர்த்துட்டான்!"

"ஐயா, நான் இன்னும் இருக்கேனுங்க" என்றாள் வடிவாம்பாள்.

"கேள்வியெல்லாம் கடைசியில!" என்றார்கள் இருவரும். முப்பது வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

மதியச் சாப்பாடு, மேட்டுப் புல். மான், எருமை, முயல் என்று நானூறு பிரதிநிதிகள் வரிசையில் நின்றார்கள். வடிவாம்பாளும் நின்றாள். டோக்கன் கொடுக்கிற கீரி அவளை மேலும் கீழும் பார்த்தது.

"உங்க பேரு லிஸ்ட்ல இல்லையேம்மா."

"பேனர்லயே போட்டிருக்கே!"

"அது தலைப்பும்மா. தலைப்புக்கெல்லாம் சாப்பாடு கிடையாது."

நாலு மணிக்குள் மேடு மொட்டையாகிவிட்டது. இனி எதைத் தின்று உயிர் வாழ்வது? வடிவாம்பாளுக்கு அழுகை வந்தது, கோபம் வந்தது, இரண்டையும் தள்ளிவிட்டுப் பசி வந்தது. மேடைக்குப் பின்னால் ஆய்வுக் கட்டுரைகள் மலைபோலக் குவிந்திருந்தன. எல்லாம் பச்சை இலையில் எழுதியவை. வெயில் கட்சிக் கட்டுரைகள் கொஞ்சம் சப்பென்றிருந்தன. ஈட்டிக் கட்சியில் காரம் தூக்கல். அடிக்குறிப்புகள்தான் நல்ல மொறுமொறுப்பு. ஒன்று விடாமல் தின்று தீர்த்தாள்.

மறுநாள் ஆந்தையும் நரியும் வந்து பார்த்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டார்கள்.

"வெயில்ல கருகிப்போச்சு!"

"மனுஷன் திருடிட்டுப் போயிட்டான்!"

எதிரே வடிவாம்பாள், வாயோரம் ஒரு முன்னுரை ஒட்டியிருக்க, ஏப்பம் விட்டாள். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'கட்டுரைகள் அழிந்தது ஏன்?' என்று மாதாமாதம் கருத்தரங்கம் நடத்த முடிவாயிற்று. ஆளுக்கு ஐம்பது கட்டுரை, கட்டாயம் புது இலையில். வடிவாம்பாள் இப்போது ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறாள்.

நீதி: நம்மைப் பற்றி நாலு பேர் தப்பாக எழுதினால் படித்து மனம் நோகக் கூடாது; நன்றாக மென்று தின்றால் செரித்துவிடும்.